ஸ்பார்க் பிளக் குழியில் தண்ணீர்: என் அனுபவம்

இன்ஜினைக் கழுவும்போது அவசரப்பட்டு பிரஷர் வாஷரை நேராகப் பிடித்துவிட்டேன். பிறகு ஸ்டார்ட் செய்தால் கார் குலுங்கியது, செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. உடனே அணைத்தேன். அப்படி மின்னும்போது தொடர்ந்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் வெளியேறி, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கெடுத்துவிடும்.

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில்களை ஒவ்வொன்றாக உருவினேன். மூன்றாவதன் ரப்பர் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், குழியின் அடியில் பிளக்கைச் சுற்றித் தண்ணீர் பளபளக்கிறது! இந்த நிலையில் பிளக்கைக் கழற்றவே கூடாது. தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் இறங்கிவிடும். குச்சியில் துணி சுற்றி, ஈரம் ஒட்டாத வரை ஒற்றி எடுத்தேன். காயிலையும் துடைத்து, இரவு முழுக்கக் காயவிட்டு மாட்டினேன். காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே சத்தம் சீராகிவிட்டது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

இப்போதெல்லாம் பிரஷர் வாஷர் பக்கமே போவதில்லை. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டர் வாய், காயில்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் இறுக்கி மூடுவேன். சூட்டோடு டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) அடித்தால் அது காய்ந்து கறையாகிவிடும். தெளித்து 5 நிமிடம் ஊறியதும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுப்பேன். பெரும்பாலான அழுக்கு அதிலேயே வந்துவிடுகிறது. பைகளை எடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்தே வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் சாவியைத் திருப்புவேன்.