டூபாக், பிக்கி கொலைகளைத் தோண்டுவது எப்படி, அதுவும் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே

அமெரிக்க ராப் பாடகர்கள் டூபாக்கும் பிக்கியும் தொண்ணூறுகளில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். மாமாக் கடையில் டூபாக் பேச்சை எடுத்தால் பத்து நிமிடத்தில் கியூபாவுக்குப் போய்விடும், ஆள் சாகவே இல்லையாம். அதை விடுங்கள். இந்த இரண்டு கொலைகளையும் நிஜமாகவே துருவிப் பார்த்து பாட்காஸ்ட் போட நினைக்கிற தம்பி தங்கச்சிகளுக்குத்தான் இது.

யூடியூப்பைத் திறக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் யாரோ சொன்னது. இடது பக்கம் சின்னதாகத்தான் இருக்கும். 1996 செப்டம்பர் 7 இரவு, லாஸ் வேகஸில் டைசன் குத்துச்சண்டை முடிந்த பிறகு எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் டூபாக்கும் கூட வந்தவர்களும் ஆர்லாண்டோ ஆண்டர்சன் என்பவரைப் போட்டு அடிக்கிறார்கள், கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதே இரவு ஃபிளமிங்கோ சாலையில், கோவல் லேன் அருகே, ஒரு வெள்ளை காடிலாக்கிலிருந்து டூபாக் இருந்த பிஎம்டபிள்யூவைச் சுட்டார்கள். 13ஆம் தேதி இறந்தார், வயது 25. 1997 மார்ச் 9, லாஸ் ஏஞ்சலஸில் பீட்டர்சன் கார் அருங்காட்சியகத்தில் நடந்த விருந்திலிருந்து கிளம்பிய பிக்கியைச் சுட்டார்கள், வயது 24. நேரத்தையும் குறியுங்கள். வேகஸில் இரவு 11 மணிக்கு மேல் என்றால் மலேசியாவில் நமக்கு மறுநாள் மதியம், அதனால் இங்கத்திய பழைய பேப்பரில் தேதி தள்ளியிருந்தால் குழம்ப வேண்டாம்.

வலது பக்கத்தில்தான் வேலையே. சொன்னவர் யார், எந்த வருடம், யாரிடம், என்ன நிபந்தனையில் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். நிபந்தனை ரொம்ப முக்கியம். கெஃபி டி என்கிற டுவேன் டேவிஸ், ஆண்டர்சனுக்கு உறவில் மாமா. போலீசாரிடம் அவர் முதலில் பேசியது, சொன்னதைத் தனக்கெதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற உடன்பாட்டோடு. பிறகு பேட்டிகளிலும் 2019இல் வந்த தன் புத்தகத்திலும் அதே சங்கதியைப் பேசியபோது அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2023 செப்டம்பரில் கைதானார், குற்றத்தை மறுத்திருக்கிறார். ஒரே ஆள், ஒரே கதை, ஆனால் உங்கள் நோட்டில் இரண்டு தனி வரி.

சரி, ஆவணம்? பிக்கி வழக்கின் கோப்புகளை எஃப்பிஐ தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது, பல பெயர்கள் அழிக்கப்பட்டிருக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கை 2012இல் வெளியானது: நான்கு குண்டுகள், உயிரை எடுத்தது ஒன்று. ஆனால் ஆவணம் என்றதும் மயங்கிவிடாதீர்கள். 1994இல் நியூயார்க் ஸ்டூடியோவில் டூபாக்கைச் சுட்டதைப் பற்றி லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 2008இல் எஃப்பிஐ தாள்களை நம்பிப் பெரிய கட்டுரை போட்டு, அவை போலி என்று தெரிந்ததும் திரும்பப் பெற்றது. தாள்கள் தட்டச்சு இயந்திரத்தில் அடித்த மாதிரி இருந்தன, எஃப்பிஐயோ அதை எப்போதோ கைவிட்டிருந்தது. எழுத்துப் பிழைகள்கூட சிறையிலிருந்த ஒருவரின் மனுக்களில் இருந்த பிழைகளோடு ஒத்துப்போயின. அவ்வளவு பெரிய பேப்பரே விழுந்தது, அதனால் எழுத்துருவையும் பிழையையும் பாருங்கள்.

பழகிப் பார்க்க நம் ஊரிலேயே சரக்கு இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்ததே, அதைப் பற்றி லயத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். அப்பா சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது என்று பல வடிவம் வரும். எல்லாமே வலது பக்கம்தான்.

ஒலிப்பதிவில் வாயைக் கட்டுங்கள். ஆண்டர்சன்மீது வழக்கே போடப்படவில்லை, 1998இல் அவரும் சுடப்பட்டுச் செத்தார். டேவிஸைக் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று சொல்லுங்கள், தீர்ப்பு வந்தால் வழக்கு எண்ணோடு இடது பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பிக்கி வழக்கில் யார்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை, அந்த அத்தியாயத்தில் 'சந்தேகம்' என்று பேர் போட்டு நாலு பெயரை அடுக்கினால் கேட்பவர்கள் கூடுவார்கள்தான், செய்யாதீர்கள். நம்ம ஊர் 04, 08 கும்பல் கதைகளையும் இதில் கலக்கவே வேண்டாம்.