சாதாரண தரத் தமிழ்: கிரகித்தலுக்கும் எழுத்துக்கும் பிள்ளைகளைத் தயார்படுத்தும் முறை

தமிழ் வீட்டில் பேசுகிற மொழி என்பதால், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் தமிழ்ப் பாடத்துக்கு நேரம் கடைசியாகத்தான் கிடைக்கிறது. கணிதமும் விஞ்ஞானமும் போக மிச்சமிருந்தால் தமிழ். நன்றாகப் பேசுகிற, நிறைய வாசிக்கிற பிள்ளைகூட 75 புள்ளியோ அதற்கு மேலோ பெற்று ஏ சித்தி எடுக்காமல் பி, சி என்று நின்றுவிடுவது இதனால்தான். அவர்களுக்குத் தமிழ் தெரியும். கேள்வி கேட்டதற்குப் பதில் எழுதவும், எழுதியதைத் தாமே திருத்தவும் பழகவில்லை, அவ்வளவுதான். இவை இரண்டையும் மூன்று மாதத்தில் பழக்கலாம். திருகோணமலை, மூதூர், கிண்ணியா என எந்தக் கல்வி வலயத்துப் பாடசாலையானாலும், கையில் கடந்தகால வினாத்தாள்களும் பிழைகளைப் பதிய ஒரு தனிக் கொப்பியும் இருந்தால் போதும்.

முதல் வாரம் எதையும் படிப்பிக்க வேண்டாம். ஒரு கடந்தகால வினாத்தாளை அதில் குறித்த நேரத்துக்குள், உதவியின்றிச் செய்யவிடுங்கள். திருத்தும்போது மொத்தப் புள்ளியைவிடப் புள்ளி போன காரணத்தையே பாருங்கள். ஒவ்வொரு இழப்புக்கும் பக்கத்தில் ஒரு குறி இடுங்கள்: கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, பந்தி விளங்கவில்லை, மொழிப்பிழை, நேரம் போதவில்லை. இந்த நான்கில் எது அதிகமோ அதிலிருந்து தொடங்குங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே இலக்கணப் பாடத்தைத் திரும்ப நடத்துவது நேர விரயம்.

கிரகித்தல்

தந்த பந்தியை வாசித்து விளங்கி, வினாக்களுக்கு விடை எழுதுவதுதான் கிரகித்தல். வினாக்களை முதலில் ஒருமுறை வாசிக்க வேண்டும். பிறகு பந்தியை இரண்டு தடவை. முதல் தடவை பென்சிலைத் தொடக்கூடாது. இரண்டாம் தடவை ‘ஆனால்’, ‘எனினும்’, ‘ஆகவே’, ‘ஏனெனில்’ போன்ற சொற்களை வட்டமிட்டு, ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் மூன்று சொல்லில் அதன் கருத்தைக் குறிக்க வேண்டும். எழுதியவர் தம் கருத்தைத் திருப்புகிற இடமும் காரணம் சொல்கிற இடமும் பெரும்பாலும் இந்தச் சொற்களுக்குப் பின்னால்தான் வரும். வினாக்களும் அங்கேயே பிறக்கும்.

விடை எழுதும்போது வினாவின் ஏவலைக் கோடிடுங்கள். ‘எடுத்தெழுதுக’ என்றால் பந்தியில் உள்ளபடியே, ஒரு எழுத்தும் மாறாமல் எழுத வேண்டும். ‘உமது சொற்களில்’ என்றால் பந்தியின் வாக்கியத்தைத் தூக்கி வைக்கக்கூடாது. ‘இரு காரணங்கள் தருக’ என்ற இடத்தில் ஒரே காரணத்தை இரண்டு விதமாகச் சொல்வது மிகப் பொதுவான பிழை. இரண்டையும் எண்ணிட்டு எழுதப் பழக்கினால் பிள்ளைக்கே அது தெரியவரும். ‘ஏன்’ என்ற வினாவுக்கான விடையில் ‘ஆல்’, ‘ஏனெனில்’, ‘காரணம்’ என்பவற்றுள் ஒன்றேனும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘அது’, ‘இவை’ என்று விடையைத் தொடங்கவும் விடாதீர்கள். பெயரைச் சொல்லியே தொடங்கட்டும்.

இதற்கான தினப் பயிற்சி எளிது. வீரகேசரி அல்லது தினகரன் ஆசிரியர் தலையங்கம் ஒன்றை இருபது நிமிடத்தில் வாசித்து, அது சொன்னதை இரண்டு வாக்கியத்தில் வாயால் சொல்ல வேண்டும். பத்திரிகை வாங்க வசதியில்லாத வீடுகளுக்குப் பொதுநூலகம் இருக்கிறது. பிள்ளை மூன்றாவது வாக்கியத்துக்குப் போனால் மையக் கருத்தை இன்னும் பிடிக்கவில்லை என்று கொள்ளுங்கள்.

சுருக்கம்

மூன்றில் ஒன்றாகச் சுருக்கு என்றால் பிள்ளைகள் மூன்று வாக்கியத்தில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து வைக்கிறார்கள். அதனால் புள்ளி போகிறது. கீழேயுள்ள பந்தி 48 சொற்கள்:

‘மத்திய மலைநாட்டில் பிறக்கும் மகாவலி, 335 கிலோமீற்றர் நீளமுடைய இலங்கையின் மிக நீண்ட ஆறாகும். பல மாவட்டங்களின் வயல்களுக்கும் குளங்களுக்கும் நீர் தந்தபின் அது திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டல் படிவதால் கழிமுகத்தை அண்டிய நிலம் வளமானது. எடுத்துக்காட்டாக, மூதூர்ப் பகுதியில் நெல் நன்கு விளைவதைக் கூறலாம். எனினும் மாரியில் ஆறு பெருகினால் அதே தாழ்நிலங்கள்தாம் முதலில் வெள்ளத்தில் மூழ்குகின்றன.’

முதலில் எடுத்துக்காட்டை வெட்டுங்கள். அடுத்து எண்களையும் அடைமொழிகளையும். மிஞ்சுவது மூன்று செய்தி: ஆறு குடாவில் கலக்கிறது, வண்டலால் நிலம் வளமாகிறது, மாரியில் அதே நிலம் மூழ்குகிறது. ‘எனினும்’ தருகிற முரண் மட்டும் போய்விடக்கூடாது. அது போனால் பந்தியின் பொருளே போய்விடும். இப்போது பந்தியை மூடிவிட்டு எழுத வேண்டும்:

‘மலைநாட்டில் பிறந்து கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலி, வண்டலால் கழிமுக நிலத்தை வளமாக்குகிறது, ஆனால் மாரியில் அந்நிலத்தையே வெள்ளத்தில் மூழ்கடிக்கிறது.’

பதினைந்து சொற்கள், எல்லை பதினாறு. மூடிவிட்டு எழுதுவதுதான் இதில் முக்கியம். பந்தி கண்முன்னே இருந்தால் கை தானாகப் பார்த்தெழுதத் தொடங்கிவிடும்.

மொழிப்பிழை

நூற்றுக்கணக்கான விதிகள் வேண்டாம். திரும்பத் திரும்ப வருகிற பிழைகள் சில வகைதான். ‘மரங்கள் விழுந்தது’ (விழுந்தன), ‘ஒவ்வொரு மாணவர்களும்’ (ஒவ்வொரு மாணவரும்) என்ற ஒருமை பன்மை மயக்கம் முதலாவது. ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’ என்று ற் என்ற எழுத்துக்குப் பின்னால் இன்னொரு மெய்யைச் சேர்ப்பது அடுத்தது. ற் வந்தால் அதன்பின் வேறு மெய் வராது என்ற ஒரே வரி போதும். கரை–கறை, பனி–பணி மயக்கத்தைச் சொல்வதெழுதல் மூலம் தீர்க்கலாம். ‘வாறான்’, ‘நிக்கிறது’, ‘இருக்குது’ என்று நம் பேச்சு அப்படியே கட்டுரைக்குள் நுழைவது வேறொரு வகை. பேச்சு பிழையல்ல என்பதைப் பிள்ளைக்குச் சொல்லியே, எழுத்தில் ‘வருகிறான்’, ‘நிற்கிறது’, ‘இருக்கிறது’ வேண்டும் என்று காட்டுங்கள்.

சந்தியில் மூன்றைப் பிடித்தால் பெரும்பகுதி சரியாகும். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின் வல்லினம் மிகும்: அந்தப் பையன். ‘ஐ’, ‘கு’ உருபுகளின் பின் மிகும்: அவனைக் கண்டேன், ஊருக்குப் போனான். ‘வந்த பையன்’, ‘வந்து சென்றான்’ என்பவற்றில் மிகாது. ஆனால் ‘எடுத்துக் கொடுத்தான்’ மிகும்.

கட்டுரையும் திருத்தமும்

எழுதத் தொடங்குமுன் ஏழு நிமிடம் குறிப்பு. ஐந்து பந்தி, பந்திக்கு ஒரு கருத்து, கருத்துக்கு ஒரு கண்கண்ட சான்று. சுற்றாடல் பற்றிய தலைப்பென்றால் ‘பொலித்தீன் உலகை அழிக்கிறது’ என்று முழங்குவதைவிட, திருகோணமலை பிரெடெரிக் கோட்டையில் திரியும் மான்கள் வீசப்பட்ட பொலித்தீனைத் தின்னும் ஆபத்தை நான்கு வரியில் எழுதுவது பலமானது. மனனம் செய்த கட்டுரை தலைப்போடு ஒட்டாது. திருத்துபவருக்கு இரண்டாம் பந்தியிலேயே அது தெரிந்துவிடும்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது கட்டுரையையும் முழுதாகத் திருத்த முடியாது, திருத்தவும் தேவையில்லை. ஒரு பந்தியை மட்டும் எடுங்கள். சரியான வடிவத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். வரியின் ஓரத்தில் ஒருமை பன்மைக்கு ‘ஒ’, சந்திக்கு ‘ச’, எழுத்துக்கு ‘எ’, பேச்சு வழக்குக்கு ‘பே’ என்று மட்டும் இட்டுக் கொடுங்கள். பிழையைப் பிள்ளையே தேடித் திருத்தி, பந்தியை மறுபடி எழுதி, பிழைக் கொப்பியில் பதிய வேண்டும். திருத்திய தாளைப் புள்ளி பார்த்துவிட்டு மடித்து வைக்கிற பிள்ளை அடுத்த கட்டுரையிலும் அதே பிழையைத்தான் விடும். வாரத்துக்கு மூன்று புதிய கட்டுரையைவிட, ஒரே கட்டுரையை இரண்டு தடவை எழுதுவது அதிகம் தரும்.

கடிதத்துக்கு நீண்ட பயிற்சி வேண்டாம். அனுப்புநர் முகவரி, திகதி, பெறுநர், விளிப்பு, தலைப்பு, விடயம், ‘இங்ஙனம்’ என்ற ஒழுங்கு கைவந்தால் சரி. வினாவில் தந்த பெயரையே இடவேண்டும்; சொந்தப் பெயரும் பாடசாலைப் பெயரும் கூடாது.

கடைசி நான்கு வாரமும் சனிக்கிழமை காலையில் முழு வினாத்தாள் ஒன்று, மணி பார்த்து. இறுதிப் பத்து நிமிடம் எழுதுவதற்கல்ல, பார்வையிடுவதற்கு. மேலிருந்து கீழே எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேடினால் கண் தாண்டிப் போகும். முதலில் வாக்கியங்களின் முடிவை மட்டும் பார்த்து ஒருமை பன்மை. இரண்டாவது, அந்த, இந்த, ஐ, கு வந்த இடங்கள். நேரம் மிஞ்சினால் பிழைக் கொப்பியில் அந்தப் பிள்ளைக்கென்று இருக்கும் ஐந்தாறு சொற்கள்.