தோப்புக் களத்தில் ஏழு சுற்றுக் கோட்டை: வரைவதும் நடப்பதும்

ஏழு சுற்றுக் கோட்டை என்பது தரையில் கோடு போட்டு, தியானமாக மெதுவாக நடந்துபோகும் சுற்றுவழி; புதிர்நிலை என்றும் சொல்வார்கள். இதில் வழி ஒன்றே ஒன்றுதான். கிளை கிடையாது, முட்டுச்சந்து கிடையாது. வாசலில் கால் வைத்தால் வழியே நடுவில் கொண்டுபோய் விடும். வந்த வழியே திரும்பினால் வெளியே வந்துவிடலாம். எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லாததால்தான் இது தியானத்துக்கு உதவுகிறது. அதனால் கோடு சரியாக விழுந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் தப்பாகச் சேர்ந்துவிட்டால், நடக்கிறவர் மனம் கோட்டைச் சரிபார்க்கப் போய்விடும்.

இந்த வடிவம் நமக்குப் புதிதல்ல. பொள்ளாச்சிப் பக்கம் கெடிமேட்டில் சுமார் 56 அடிக்குச் சதுரமான புதிர்நிலை இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூரிலும் ஒன்று உண்டு. ஹளேபீடு கோயில் சிற்பத்தில் அபிமன்யு சிக்கிய சக்கரவியூகத்தை இதே குடும்பத்து வடிவத்தில்தான் செதுக்கியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த, கி.மு. 1200 வாக்கிலான களிமண் பலகையிலும் இந்த ஏழு சுற்று வடிவம் கீறப்பட்டிருக்கிறது. பிரான்சில் சார்த்ர் பேராலயத் தரையில் உள்ளது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தது. அதில் 11 சுற்று; வரைவது கடினம். முதல் முறை வரைகிறவர்களுக்கு ஏழு சுற்றே போதும், அதுவே நிறைவானது.

இடம்

கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை என்று இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களிடம் கொப்பரை உலர்த்தும் களம் இருக்கும். மழைக்காலத்தில் அது சும்மா கிடக்கும். மட்டமான தரை என்பதால் இதற்கு மிகவும் ஏற்றது. களம் இல்லையென்றால் மட்டமான மண் தரை போதும். ஆனால் தென்னை மரத்தடியில் மட்டும் வேண்டாம். மெதுவாக, மேலே பார்க்காமல் நடக்கிற ஒருவர் தலையில் நெற்றோ காய்ந்த ஓலையோ விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மர வரிசையிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.

கோட்டுக்கும் கோட்டுக்கும் 2 அடி இடைவெளி வைத்தால் மொத்தக் கோட்டை 30 அடி அகலம், 27 அடி நீளம் வரும். சுற்றிலும் ஓரடி விட்டுக்கொள்ளுங்கள். இடம் குறைவாக இருந்தால் இடைவெளியை ஒன்றரை அடியாகக் குறைக்கலாம். 22½ அடிக்கு 20¼ அடியில் முடிந்துவிடும். அதற்கும் கீழே போனால் திருப்பங்களில் கால் கோட்டை மிதிக்கும்.

வேண்டிய பொருட்கள்

அளவு டேப், சரியாக 2 அடிக்கு வெட்டிய மூங்கில் குச்சி ஒன்று, நான்கு முளை, சாக்பீஸ் அல்லது கரித்துண்டு. மொத்தக் கோட்டின் நீளம் சுமார் 360 அடி. சுண்ணாம்புப் பொடியில் போடுவதானால் நாலைந்து கிலோ ஆகும். உரித்த தேங்காய் மட்டையை அடிக்கு ஒன்றாக வைப்பதானால் 360 துண்டு வேண்டும். ஒரு காயில் மூன்று நான்கு துண்டு கிடைக்கும் என்பதால் நூற்றுச் சொச்சம் காயின் மட்டை போதும். கல்லாக இருந்தாலும் அதே எண்ணிக்கைதான்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சுண்ணாம்புப் பொடியை மாலைக்குள் வாரிக்கொண்டு போய்விடும். அந்த மாதங்களில் சுண்ணாம்பைக் கரைத்துத் தூரிகையால் கோடு இழுங்கள், இல்லையென்றால் மட்டை, கல் என்று கனமானதை வையுங்கள். மட்டையில் ஒரு சிக்கல் உண்டு: நாள்பட ஒரே இடத்தில் கிடந்தால் அடியில் தேள் சேரும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கல்லைப் பாதி மண்ணில் புதைத்துவிடுவதே நல்லது.

வித்து

முதலில் தாளில் வரைந்து பழகுங்கள். தாளில் மூன்று முறை தப்பில்லாமல் வரும்வரை களத்துக்குப் போக வேண்டாம்.

கோட்டை முழுவதும் விரிவதற்கு அடிப்படையான நடு வடிவம்தான் வித்து. ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதன் நான்கு கைகளும் மையத்திலிருந்து 4 அடி. கைகளுக்கு நடுவே நான்கு மூலை வருகிறதல்லவா, ஒவ்வொன்றிலும் ஒரு 'ட' மாதிரி மடக்குக் கோடு. அது மடங்கும் முனை மையத்திலிருந்து பக்கவாட்டில் 2 அடி, மேலே அல்லது கீழே 2 அடி தள்ளி இருக்கும். அங்கிருந்து இரண்டு பக்கமும் வெளியே பார்த்தபடி 2 அடி நீளும். கடைசியாக, 8 அடிச் சதுரத்தின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி. வித்து இவ்வளவுதான். இப்போது ஓரத்தில் புள்ளிகளும் கோட்டு நுனிகளுமாக மொத்தம் 16 இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், 16 வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

அதிகம் நடக்கிற தப்பு, கூட்டல் குறியைக் களத்தின் நட்டநடுவில் போடுவது. அப்படிப் போட்டால் மேல்பக்கம் இடம் போதாது. கோட்டையின் வாசல் பக்க ஓரத்திலிருந்து 8 அடி உள்ளே, இடது ஓரத்திலிருந்து 14 அடி, வலது ஓரத்திலிருந்து 16 அடி என்ற இடத்தில் மையம் வர வேண்டும். வலப்பக்கம் இரண்டடி கூடுதலாக உப்பும். அது பிழையல்ல, இந்த வடிவத்தின் இயல்பு.

வளைவுகள்

வாசல் பக்கம் உங்களுக்கு அருகில் இருக்கும்படி நில்லுங்கள். எல்லா வளைவும் வித்தின் மேற்பக்கமாகச் சுற்றித்தான் போகும்.

முதல் வளைவு: கூட்டல் குறியின் மேல் நுனியிலிருந்து, அதற்கு அடுத்து வலப்பக்கம் உள்ள நுனிக்கு ஒரு சிறு அரைவட்டம். இதற்குள் இருப்பதுதான் நடு. இரண்டாவது: இடப்பக்கம் சேராமல் இருக்கிற அடுத்த நுனியிலிருந்து, வலப்பக்கம் சேராமல் இருக்கிற அடுத்த நுனிக்கு. அந்த வலது நுனி ஒரு புள்ளியாக இருக்கும். மூன்றாவது, நான்காவது என்று எட்டு வளைவுக்கும் இதே விதி. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, எதையும் தாண்டாமல். புள்ளியைக் கோட்டு நுனி மாதிரியே எண்ண வேண்டும். புள்ளியை விட்டுவிடுவதுதான் பத்துக்கு ஒன்பது பேர் செய்கிற தவறு. எட்டாவது வளைவு வெளிச்சுவராக முழுவதும் சுற்றிவந்து கூட்டல் குறியின் கீழ் நுனியில் முடிய வேண்டும். வேறெங்காவது முடிந்தால் நடுவில் ஒரு புள்ளியைத் தாண்டியிருக்கிறீர்கள்.

வட்டம் போடக் கயிறு முதல் வளைவுக்கு மட்டும் போதும். மற்றவற்றுக்கு மூங்கில் குச்சியைத்தான் நம்ப வேண்டும்: முந்தைய கோட்டில் குச்சியின் ஒரு நுனியை வைத்து, மறுநுனி தொடும் இடத்தில் அடிக்கு ஒரு புள்ளி வையுங்கள். பிறகு புள்ளிகளைச் சேருங்கள். கண்ணளவில் இழுத்தால் நான்காவது சுற்றுக்குள் இடைவெளி ஒன்றே முக்கால் அடியாகச் சுருங்கி, வெளிச்சுற்று கோணிவிடும்.

மட்டையோ கல்லோ வைக்கும் முன், சாக்பீஸ் கோட்டிலேயே ஒருமுறை வேகமாக நடந்து பாருங்கள். கூட்டல் குறியின் கீழ்க்கைக்கு இடப்புறமுள்ள சந்துதான் வாசல். முதல் திருப்பம் இடது. வெளியிலிருந்து எண்ணினால் நீங்கள் நடக்கும் சுற்றுகள் 3, 2, 1, 4, 7, 6, 5, பிறகு நடு. இந்த வரிசை வந்துவிட்டால் கோட்டை சரி.

நடப்பது

காலை எட்டு மணிக்கு முன், இல்லையென்றால் ஐந்து மணிக்குப் பின். வெயில் ஏறிய சிமென்ட் களம் பாதத்தைப் பொசுக்கிவிடும். பெருக்கி, முள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் செருப்போடுதான் நடக்க வேண்டும். கல் குத்தினாலும் சூடு பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

வாசலில் நின்று மூன்று மூச்சு. மனதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாமம், ஒரு கேள்வி, இறந்துபோன ஒருவரின் நினைவு, எதுவானாலும் சரி. ஐந்தாறு விஷயங்களைத் தூக்கிக்கொண்டு போனால் எதுவும் தங்காது. மூச்சு உள்ளே போகையில் இரண்டு காலடி, வெளியே வருகையில் மூன்று காலடி என்று தொடங்கினால் வேகம் தானாக அடங்கும். பார்வை நாலடி முன்னால் இருக்கட்டும். கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு திரும்பினால் தலை சுற்றும்.

போகப் போக உடம்பு ஒரு விஷயத்தைக் கவனிக்கும். உள்ளே நுழைந்ததும் வழி உங்களை நடுவை விட்டு வெளிச்சுற்றுக்குத் தள்ளும். பிறகு ஏழாவது சுற்றில் நடு உங்கள் பக்கத்திலேயே, ஒரு கோட்டுக்கு அந்தப் புறம் இருக்கும். எட்டிக் கால் வைத்தால் போதும். ஆனால் வழி இன்னும் இரண்டு சுற்று வெளியே கொண்டுபோய்விட்டுத்தான் உள்ளே விடும். பொறுமை இழந்து பலர் கோட்டைத் தாண்டுவது இங்கேதான். தாண்டாதீர்கள். எரிச்சலோ அவசரமோ வந்தால் அதைப் பார்த்தபடியே அந்த இரண்டு சுற்றையும் நடங்கள். இந்தப் பயிற்சியில் கிடைக்கும் பலனில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நடு குறுகல், இரண்டடி அகலம். நிற்கலாம், சின்ன முக்காலி போட்டு உட்காரலாம். ஐந்து நிமிடம் போதும். உள்ளே ஒரு வழிக்குச் சுமார் 300 அடி. நிதானமாகப் போய்வர இருபது நிமிடம் ஆகும். திரும்பும்போது குறுக்கே நடந்து வெளியேறிவிடாமல் வந்த வழியிலேயே வாருங்கள். வெளியே வந்ததும் உடனே செல்பேசியை எடுக்காமல் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நடுவிலோ திரும்புகையிலோ அழுகை வருவதுண்டு. கூட இருப்பவர்கள் சமாதானம் சொல்ல ஓடாமல் விட்டுவிடுவது நல்லது.

பலர் நடப்பதானால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். எதிரெதிரே வந்தால் உள்ளே போகிறவர் கோட்டின் மேல் ஒதுங்கி நின்று வழிவிட்டு, மறுபடி தன் வழியிலேயே தொடர வேண்டும். பக்கம் மாறி இறங்கினால் தன்னையறியாமல் வாசலுக்கே வந்துவிடுவார்.

மனம் அடங்கும், மூச்சு சீராகும், தூக்கத்துக்கு முன்னான படபடப்பு குறையும். இவற்றை எதிர்பார்க்கலாம். மருந்துக்கு மாற்றாக இதை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காதுக் கோளாறால் தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அடுத்தடுத்த திருப்பங்கள் ஒத்துக்கொள்ளாது. அவர்களும், நடக்க முடியாத பெரியவர்களும் விரலால் நடக்கலாம். அதே வித்தை 2 சென்டிமீட்டர் இடைவெளியில் வரைந்தால் 30 செ.மீ. அகலம், 27 செ.மீ. உயரத்தில் ஒரு அட்டையில் அடங்கும். கோட்டின் மேல் ஃபெவிகால் தடவிச் சணல் கயிறு ஒட்டுங்கள். நான்கு மீட்டர் போதும். ஒரு ராத்திரி காயவிட்டு, வழக்கமாக எழுதாத கையின் சுட்டுவிரலை வாசலில் வைத்துக் கண்ணை மூடித் தொடங்கலாம். கயிறு தடித்திருந்தால் திருப்பங்களில் விரல் சிக்கும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.