கரண்ட் போன வீட்டில் மூன்று நாள்: புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டுக்குக் குடிவந்த முதல் சில மாதங்களில் முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, பிள்ளைகளின் பள்ளி என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள். அந்த அவசரத்துக்கு நடுவே தபால்பெட்டியில் அரசாங்கம் அனுப்பிய சின்னப் புத்தகம் ஒன்று கிடக்கலாம். நெருக்கடி வந்தால் என்ன செய்வது, போர் வந்தால் என்ன செய்வது என்று அட்டையிலேயே எழுதியிருக்கும். ஸ்வீடன் 2018-இலும், திருத்தி எழுதி 2024-இலும் அப்படி ஒன்றை நாட்டிலுள்ள எல்லா வீடுகளுக்கும் அனுப்பியது. புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். நிம்மதி தேடி இவ்வளவு தூரம் வந்தால் இங்கேயும் இதுவா என்று தோன்றும்.

போர் நாளைக்கே வரப்போகிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பனிப்புயல், வெள்ளம், எங்கோ அறுந்த மின்கம்பி, குடிநீரில் கலந்த கிருமி என எது வந்தாலும் வீட்டுக்குள் தேவைப்படுவது ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான். கனடா 72 மணி நேரத்துக்கு வைத்திருங்கள் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2025 மார்ச்சில் அதே 72 மணி நேரத்தைத்தான் சொன்னது. ஸ்வீடனும் நார்வேயும் ஒரு வாரம் என்கின்றன, ஜெர்மனி 10 நாள் என்கிறது. ஜப்பானில் குறைந்தது 3 நாள், முடிந்தால் ஒரு வாரம். கணக்கு மாறினாலும் காரணம் ஒன்றுதான். முதல் சில நாட்களில் மீட்புக்காரர்கள் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் தனியாக இருக்கும் முதியவர்களையும் தேடித்தான் போவார்கள். கை கால் நன்றாக இருப்பவர்கள் அதுவரை வீட்டில் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இந்த எதிர்பார்ப்பை யாரும் நம்மிடம் நேரில் உட்கார்ந்து சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இது புரிந்தது பட்டுத்தான். வந்த முதல் குளிர்காலத்தில், ஒன்பதாவது மாடியில் இருந்தபோது, ஒரு மாலை கரண்ட் போனது. சரி, அரை மணியில் வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. அடுப்பு மின்சார அடுப்பு. லிஃப்ட் இல்லை. கொஞ்ச நேரத்தில் குழாயிலும் தண்ணீர் நின்றது, மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பும் கரண்டில்தான் ஓடுகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஹீட்டர் மெல்ல மெல்லக் குளிர்ந்தது. போனில் 11 சதவீதம். அலமாரியில் இருபது கிலோ அரிசி இருந்தது! அதைப் பார்த்துக்கொண்டு பசியோடு படுத்தோம். கரண்ட் வந்தபோது விடிந்துவிட்டது.

அதனால் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு தடவை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கரண்ட் இல்லாவிட்டால் இதில் எது வேலை செய்யும் என்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே போங்கள். எரிவாயுவில் ஓடும் ஹீட்டர்கூடப் பெரும்பாலும் நின்றுவிடும், அதன் பம்புக்கும் பற்றவைப்புக்கும் கரண்ட் வேண்டும். கட்டடத்தின் வாசல் கதவு, கார் நிறுத்தும் இடத்தின் ஷட்டர், இன்டர்நெட் பெட்டி எல்லாம் கணக்கில் வரும். என்ன வாங்க வேண்டும் என்பது அந்த நடையிலேயே பாதி தெரிந்துவிடும்.

தண்ணீர்

முதலில் இதுதான். குடிக்கவும் கொஞ்சம் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளுக்கு 36 லிட்டர், ஒரு வாரத்துக்கு 84 லிட்டர். 84 லிட்டர் என்றால் 84 கிலோ. ஒற்றை அறையில் இருப்பவர்கள் இதை எங்கே வைப்பது? கட்டிலுக்கு அடியில், அலமாரியின் கீழ்த்தட்டில் என்று பிரித்து வையுங்கள். எல்லாவற்றையும் இன்றே நிரப்பி வைக்கவும் வேண்டாம். மூன்று நாளுக்கு உள்ளதை நிரப்பி வைத்து, மீதிக்கு மடித்து வைக்கக்கூடிய காலி கேன் இரண்டு வைத்திருந்தால், புயல் எச்சரிக்கை வந்ததும் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் எல்லா நெருக்கடியும் சொல்லிவிட்டு வராது. அந்த மூன்று நாள் தண்ணீரில் மட்டும் சமரசம் வேண்டாம்.

குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைப்பதானால் உணவுப் பொருளுக்கென்று செய்த சுத்தமான கேனில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். பால் வந்த பிளாஸ்டிக் கேன் மட்டும் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் பாலின் சத்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்து கிருமி வளர இடம் கொடுக்கும். ஃப்ரீசரில் இடம் இருந்தால் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கிவிடுங்கள். கரண்ட் போனால் அவை ஐஸ்கட்டியாக நின்று சாமானைக் காக்கும், உருகியதும் குடிக்கலாம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவிப்பு வந்தால், நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். ரசாயனமோ எண்ணெயோ கலந்திருந்தால் கொதிக்க வைப்பதில் பயன் இல்லை, அப்போது பாட்டில் தண்ணீர்தான். அறிவிப்பில் எது சொல்கிறார்கள் என்று கவனித்துப் படியுங்கள்.

கழிப்பறைக்குத் தனித் தண்ணீர் வேண்டும். ஒரு வாளி ஊற்றினால் வேலை முடிந்துவிடும், குளியல் தொட்டி இருந்தால் எச்சரிக்கை வந்தவுடன் நிரப்பி வையுங்கள். கழிவுநீர்க் குழாயே அடைத்துக்கொண்டது என்றால் கெட்டியான குப்பைப் பையைக் கழிப்பறைக் கோப்பைக்குள் விரித்துப் பயன்படுத்தி, இறுகக் கட்டி வைக்க வேண்டும். பேச அசிங்கமாக இருக்கலாம். இரண்டாம் நாள் காலையில் இருக்காது.

சாப்பாடு

இருபது கிலோ அரிசிக் கதையைச் சொல்லிவிட்டேன். அரிசி, பருப்பு, மாவு எதுவும் தவறில்லை, ஆனால் அவற்றுக்கு நெருப்பும் வேண்டும், நிறையத் தண்ணீரும் வேண்டும். மூன்று நாளுக்காவது அப்படியே திறந்து சாப்பிடக்கூடியதை வையுங்கள்: வேகவைத்து டின்னில் அடைத்த பயறு, கடலை, மீன், பழம், அப்புறம் பிஸ்கட், கொட்டைகள், உலர்ந்த பழங்கள், கெடாத பால். உப்பு மிகுந்த நொறுக்குத் தீனி தாகத்தைக் கூட்டி தண்ணீரைக் காலி செய்யும், அதை அளவோடு.

இதற்கென்று தனிப் பெட்டி வாங்கி, சீல் வைத்து, மேலே தூக்கிப்போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. மூன்று வருடம் கழித்துத் திறந்தால் எல்லாம் காலாவதி. வழக்கமாகச் சாப்பிடுவதையே இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி, பழையதை முன்னால் வைத்துச் சாப்பிட்டு, புதியதைப் பின்னால் அடுக்கினால் போதும். ஜப்பானில் இதற்கு ‘ரோலிங் ஸ்டாக்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வாராவாரம் ஒன்றிரண்டு பொருள் கூட்டினால் வந்த புதிதில் கையில் காசு இல்லாதபோதும் பாரம் தெரியாது. பிள்ளைகள் வீட்டில் தொடாத உணவை நெருக்கடியில் தொடுவார்கள் என்று நம்பி வாங்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் வைத்தால் உள்ளே இருப்பது 4 மணி நேரம் தாங்கும். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி, பாதி நிறைந்திருந்தால் 24 மணி. அதன் பிறகு இறைச்சி, பால், சமைத்த மிச்சம் எல்லாம் குப்பைக்குத்தான். மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

குளிரும் நெருப்பும்

ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். கரி அடுப்பு, வெளியில் வைத்துச் சுடும் பார்பிக்யூ, ஜெனரேட்டர் எதையும் வீட்டுக்குள்ளே மூட்டவோ ஓட்டவோ கூடாது. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டும் கூடாது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம் என்று வரும், தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடுங்குளிரில் கரண்ட் போனபோது, வீட்டுக்குள் கரி மூட்டியும் கராஜில் கார் எஞ்சினை ஓடவிட்டும் குளிர்காய முயன்றவர்களில் சிலர் இப்படித்தான் இறந்தார்கள். குளிர் கொல்வதற்கு முன் குளிர்காய்ந்த நெருப்பு கொன்றது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கைக்கு அடக்கமான பொருள்தான், ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

குளிருக்கு வழி எளிது. இருப்பதிலேயே சின்ன அறையில் எல்லாரும் சேர்ந்து படுங்கள், மற்ற கதவுகளை மூடுங்கள், ஜன்னலில் போர்வை தொங்கவிடுங்கள், கதவிடுக்கில் துண்டு அடையுங்கள். மெல்லிய உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் ஒற்றைத் தடிக் கோட்டைவிடக் கதகதப்பு. கையடக்க கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ள ஆசை என்றால் வாடகை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெளிச்சம், ரேடியோ, காசு

மெழுகுவர்த்தியைவிட டார்ச் நல்லது, டார்ச்சைவிடத் தலையில் மாட்டும் விளக்கு நல்லது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மாடி இறங்கியவர்களுக்கு இது தெரியும். பவர் பேங்க் ஒன்று, அதை மாதம் ஒரு தடவை சார்ஜ் செய்யும் பழக்கமும் ஒன்று.

போனை மட்டும் நம்பாதீர்கள். செல் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே நேரத்தில் இருளில் விழுந்தபோது ரயில்கள் பாதி வழியில் நின்றன, கார்டு வாங்கும் இயந்திரம் படுத்தது, மக்கள் பேட்டரி ரேடியோவையும் நோட்டுக் காசையும் தேடி அலைந்தார்கள். எனவே சின்ன நோட்டுகளாகக் கொஞ்சம் காசும், பேட்டரியிலோ கையால் சுற்றியோ ஓடும் ஒரு ரேடியோவும் வீட்டில் இருக்கட்டும். அவசர அறிவிப்பு வரும் அலைவரிசையைக் கண்டுபிடித்து, ரேடியோவின் முதுகிலேயே எழுதி ஒட்டுங்கள்.

நமக்கென்று சில

மருந்து. தினமும் மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வாரத்துக்காவது கூடுதலாகத் தரமுடியுமா என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். மருந்தின் கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், உள்ளிருக்கும் மருந்தின் பெயரைத் தாளில் எழுதி வைத்தால் எங்கும் புரியும். இன்சுலினைக் குளிர்ச்சிக்கு என்று பனிக்கால ஜன்னலோரத்தில் வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது. பால்மா, டயப்பர், நாப்கின், கண்ணாடி, இவையும் சாமான்தான்.

பாஸ்போர்ட், விசா அட்டை, பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றின் நகலும் ஒரு பிளாஸ்டிக் உறையில், கதவுக்குப் பக்கத்தில். வீட்டை விட்டு உடனே வெளியேறச் சொன்னால் மற்றதைத் தேடலாம், இதைத் தேட நேரம் இருக்காது.

அவசர எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111. அதற்குக் கீழே உங்கள் முகவரியை, அந்த ஊர்க்காரர் உச்சரிப்பதுபோலவே தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் நாம் சொல்லும் தெருப்பெயர் அவர்களுக்குப் புரியாமல் போன கதைகள் நிறைய. “வெளியே வராதீர்கள்”, “தண்ணீர் குடிக்காதீர்கள்”, “உடனே வெளியேறுங்கள்”: இந்த மூன்றையும் அந்நாட்டு மொழியில் எப்படிச் சொல்வார்கள், எழுதுவார்கள் என்று இன்றே படித்துக்கொள்ளுங்கள்.

சைரன் கேட்டால் முதலில் தேதியைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் பிப்ரவரி முதல் புதன்கிழமை மதியம் 1.30-க்கும், ஸ்வீடனில் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் முதல் திங்கட்கிழமை பிற்பகல் 3 மணிக்கும் ஊதிச் சோதிப்பார்கள். போரைப் பார்த்து வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் உடம்பை உலுக்கிவிடும். வீட்டில் அப்படிப் பெரியவர்கள் இருந்தால் முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

அப்புறம், சொந்த நாட்டில் இருக்கும் உறவுகள். டிவியில் செய்தி பார்த்துவிட்டு ஐம்பது பேர் அழைப்பார்கள், உங்கள் பேட்டரி அங்கேயே தீரும். ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, “நான் உனக்கு மட்டும் மெசேஜ் போடுவேன், மற்றவர்களுக்கு நீ சொல்லிவிடு” என்று இப்போதே பேசி வையுங்கள். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி சிலசமயம் போய்ச் சேரும்.

பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரையாவது தெரிந்துகொள்ளுங்கள். அன்று இரவு எங்களுக்கு ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தது எதிர்வீட்டு அம்மாதான், அதற்குமுன் மூன்று மாதம் நாங்கள் அவரிடம் பேசியதே இல்லை.

எல்லாம் சேர்த்த பிறகு, ஒரு விடுமுறை நாள் மாலை ஃப்ரிட்ஜையும் மருத்துவக் கருவிகளையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குழாயையும் திறக்காமல் இரவு வரை இருந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாக இருக்கும். நாங்கள் செய்தபோது விளக்கு எரிந்தது, ரேடியோ பேசியது, அலமாரியில் எட்டு டின் வரிசையாக நின்றது. டின் திறப்பான் மட்டும் வீட்டில் இல்லை. மறுநாள் இரண்டு வாங்கி, ஒன்றை டின் தட்டிலேயே நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.