பனி உருகியதும் காப்பர்கெய்லி என்ன தின்கிறது? எச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

பின்லாந்து, ஸ்வீடன் நாடுகளின் பைன் காடுகளில் வாழும் காப்பர்கெய்லிதான் கிரௌஸ் வகைப் பறவைகளிலேயே பெரியது. சேவல் சுமார் 4 கிலோ இருக்கும், பெட்டை ஏறக்குறைய அதில் பாதி. (இந்தியாவில் கிரௌஸ் கிடையாது. மயிலும் காட்டுக்கோழியும் தூரத்துச் சொந்தம்.) குளிர்காலம் முழுக்கப் பைன் ஊசியிலையிலேயே காலம் தள்ளும் பறவை, ஏப்ரலில் தரை தெரிய ஆரம்பித்ததும் இறங்கிவந்து பஞ்சுப்புல்லின் (சதுப்பில் வளரும் கோரை வகை) பூமொட்டு, பில்பெரித் (சிறு பழச்செடி) தண்டு, லார்ச் (இலையுதிரும் ஊசியிலை மரம்) துளிர் என்று மேயும். முட்டையிடப்போகும் பெட்டைக்கு இந்தச் சில வாரத் தீனி முக்கியம். மரம் வெட்டிய காட்டில் அது கிடைக்கிறதா என்று எச்சத்தைப் பார்த்தே சொல்லலாம். பறவையைத் தொடவே வேண்டாம்.

படி 1: இடம்

மூன்று வகை இடம் போதும்: முழுக்க வெட்டி 10 வருடம் ஆகாத வெட்டுவெளி, 30–40 வருட இளங்காடு, வெட்டாத முதிர்காடு. பின்லாந்தின் காட்டு வரைபடத் தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மரங்களின் வயதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவெளியின் நடுவில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். விளிம்பிலிருந்து 20 மீட்டர் உள்ளே வரையும், வெட்டாமல் விட்ட ஒற்றை மரங்களின் அடியிலும் பாருங்கள்.

சேவல்கள் கூடிப் பெட்டையைக் கவர ஆடும் ஆடுகளத்துக்கு விடியற்காலையில் போகாதீர்கள், நண்பகலுக்குப் பிறகு போங்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் சேவல் எச்சம் என்பதால், பெட்டையின் தீனியை அதை வைத்து முடிவுசெய்ய முடியாது. அடைகாக்கும் பெட்டை கண்ணில் பட்டால் அந்த இடத்தையே கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள். ஸ்காட்லாந்தில் ஆடுகளத்தில் இந்தப் பறவையைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம்.

படி 2: முதலில் பெருக்கித் தள்ளுங்கள்

முதல்முறை செய்பவர்கள் வழுக்குவது இங்கேதான். பனி உருகும்போது நவம்பரிலிருந்து உள்ளே புதைந்திருந்த எச்சமெல்லாம் ஒரே வாரத்தில் தரைக்கு வந்துவிடும். குளிரில் உறைந்து கிடந்ததால் நேற்றுப் போட்டது போலவே இருக்கும். அதைப் பொறுக்கினால் "வசந்தத்திலும் பைன் ஊசிதான் தின்கிறது" என்று முடிவு வரும். வேலை முழுக்க வீண்.

அதனால் பறவை இரவு தங்கும் படுக்கை மரத்தைச் சுற்றி 3 மீட்டர் ஆரத்துக்கு எச்சத்தை முழுக்க அகற்றுங்கள். 7 நாள் கழித்து வந்து, புதிதாக விழுந்ததை மட்டும் எடுங்கள். மே நடுவரை வாரம் ஒருமுறை இப்படியே. சதுப்பில் பெருக்க முடியாது, பாசிக்குள் எச்சம் அமிழ்ந்துவிடும். அங்கே குச்சி நட்டு ஒரு நேர்கோட்டைக் குறித்து, அதன்வழி நடந்து பார்ப்பதுதான் சரி.

படி 3: பிரித்தல், உலர்த்தல்

எச்சம் இரண்டு வகை. நார்நாராக, உருளையாக இருப்பது நமக்கு வேண்டியது. கருப்பாக, தார் போல இளகி இருப்பது முட்டுக்குடலிலிருந்து (குடலோடு ஒட்டிய பை) வருவது. அதில் அடையாளம் காணும் அளவுக்குத் துண்டு இருக்காது, விட்டுவிடுங்கள். தடிமன் 10 மி.மீ.க்கு மேலிருந்தால் சேவல் என்றும் 8 மி.மீ. அளவிலிருந்தால் பெட்டை என்றும் எழுதலாம். இடைப்பட்டதைத் 'தெரியாது' என்றே குறியுங்கள்.

காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். 60 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்துங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

படி 4: மாதிரிச் சில்லுகள்

இதைச் செய்யாமல் எச்சத்தைத் தொடாதீர்கள். அதே காட்டிலிருந்து பைன் ஊசி, பைன் ஆண்கூம்பு, பில்பெரித் தண்டு, பஞ்சுப்புல் பூவும் இலையும், பிர்ச் மொட்டு, லார்ச் துளிர், புல் எல்லாவற்றையும் எடுத்து, அடுத்த படியில் சொல்லும் அதே முறையில் பதப்படுத்தி, நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ணாடிச் சில்லு செய்துகொள்ளுங்கள். புத்தகப் படத்தை நம்பினால் புல் இலையும் பஞ்சுப்புல் இலையும் குழம்பும்.

படி 5: வெளுத்தல்

எச்சத்தின் நுனியிலுள்ள வெள்ளைத் தொப்பியை முதலில் சுரண்டி எடுங்கள். அது யூரிக் அமிலம். பிளீச்சோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரலாம். ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள்.

பிறகு கல்வத்தில் மெதுவாக அரைத்து 1 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். மின் அரைவை வேண்டாம்: பறவை விழுங்கிய பொடிக்கல் அதன் கத்தியைக் கெடுக்கும், துண்டுகளும் அடையாளம் தெரியாத அளவுக்குத் தூளாகிவிடும். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (பிளீச்) 10 முதல் 30 நிமிடம், பழுப்பு போகும்வரை ஊறவிட்டு, 0.1 மி.மீ. சல்லடையில் நீரூற்றி அலசுங்கள்.

அலசிய நீரைக் கொட்டிவிடாதீர்கள். மகரந்தம் அந்தச் சல்லடைக்குள் நிற்காது, நீரோடு போய்விடும். பறவை பூ தின்றதற்கு நல்ல சாட்சியே மகரந்தம்தான். நீரை ஒரு இரவு தெளியவிட்டு, அடி வண்டலைத் தனிச் சில்லில் பாருங்கள்.

(பிறகு சேர்த்தது: பைன் மகரந்தம் கொட்டத் தொடங்கியபின் எடுத்த எச்சத்தின் மேலெல்லாம் அந்தத் தூள் படிந்திருக்கும். அப்படியானால் மேற்பரப்பைச் சீவி எறிந்துவிட்டு உட்பகுதியை மட்டும் அரையுங்கள்.)

படி 6: எண்ணுதல்

கிளிசரின் ஒரு சொட்டு, மேலே மூடுகண்ணாடி, 100 மடங்கு உருப்பெருக்கம். ஒரு எச்சத்துக்கு 100 துண்டு எண்ணினால் போதும்.

பைன் ஊசியில் இலைத்துளைகள் நூல் பிடித்தது போல வரிசையாக இருக்கும், செல்சுவர் தடிப்பு. பில்பெரியின் புறத்தோல் செல்கள் வளைந்து நெளிந்து ஒன்றோடொன்று கோத்திருக்கும். பஞ்சுப்புல்லில் நீள்செல்கள் இணையாக ஓடும், மகரந்தம் பேரிக்காய் வடிவம். பைன் மகரந்தத்துக்கு இருபுறமும் காற்றுப்பை உண்டு.

டி.என்.ஏ. பரிசோதனை எளிதல்லவா என்று கேட்கலாம். அது 'பைன்' என்று சொல்லும். ஊசியா ஆண்கூம்பா என்று சொல்லாது. வசந்தத்தில் அந்த வித்தியாசம்தானே வேண்டும்? நுண்ணோக்கியே என் தேர்வு.

படி 7: எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள்

ஊசியிலை செரிக்காமல் வெளிவரும், மென்மையான பூமொட்டு பெரும்பாலும் கரைந்துபோகும். 100 துண்டில் 80 பைன் என்றால் தின்றதில் 80 சதவீதம் பைன் என்று அர்த்தமில்லை. 'எத்தனை எச்சத்தில் பஞ்சுப்புல் இருந்தது' என்ற கணக்கைப் பக்கத்திலேயே எழுதுங்கள். வெவ்வேறு காடுகளை ஒப்பிட அதுதான் உதவும்.

கடைசியாக, காட்டில் என்ன இருந்தது என்பதும் தெரியவேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 1 மீட்டர் சதுரச் சட்டத்தைப் பத்து இடத்தில் வைத்து, எந்தச் செடி எவ்வளவு தரையை மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். வெட்டுவெளியில் நிழல் போனதும் பில்பெரி காய்ந்து குறைந்து, புல் ஏறும். நடவுக்காக மண்ணைக் கிளறியிருந்தால் பில்பெரியின் தரையடித் தண்டே அறுந்திருக்கும். சதுப்பில் பழைய வடிகால் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்லாந்துச் சதுப்புகளில் ஏறக்குறைய பாதி மரம் வளர்ப்பதற்காக வடிக்கப்பட்டவை. எச்சத்தில் பஞ்சுப்புல் இல்லையென்றால், பறவை அதை ஒதுக்கியதா, அங்கே அது இல்லவே இல்லையா என்பதை இந்தச் சட்டக் கணக்கை வைத்துத்தான் பிரிக்க முடியும்.