மெக்சிகோவில் கூட்டமாக பைக் ஓட்டுகிறீர்களா? 'தோபே'யைக் கவனியுங்கள்

துராங்கோவிலிருந்து மசாத்லானுக்கு இறங்கும் பழைய 40-ஆம் எண் மலைச்சாலையில் பலரும் வளைவுகளைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். அந்தப் பகுதிக்குப் பெயரே 'சாத்தானின் முதுகெலும்பு'. ஆனால் வண்டியைத் தூக்கிப் போடுவது பெரும்பாலும் ஊர் எல்லையில் இருக்கும் வேகத்தடைதான். அங்கே அதற்கு 'தோபே' என்று பெயர். பல இடங்களில் பெயின்டும் இருக்காது, பலகையும் இருக்காது. மர நிழலில் இருந்தால் சுத்தமாகத் தெரியாது.

முன்னால் போகிறவர் தோபேயைக் கண்டதும் இடது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தட்டிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக அதையே செய்ய வேண்டும். வண்டிகளுக்கு நடுவே இரண்டு விநாடியாவது இடைவெளி இல்லையென்றால் சைகை காட்டியும் பயனில்லை.

லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் 'முந்திக்கொள்' என்று அர்த்தமாக இருக்கலாம். அவர் நிஜமாகவே இடப்பக்கம் திரும்பவும் போகலாம். எதிர்ச்சாலை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள்.

துராங்கோவிலேயே டாங்கை நிரப்பிவிடுங்கள். போடும் முன் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பித் தருபவருக்குச் சில பெசோ டிப்ஸ் கொடுப்பது வழக்கம்.

அப்புறம், மசாத்லானில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். நேரம் மிச்சம் என்று மதியச் சாப்பாட்டை இழுக்காதீர்கள், சூரியனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இருட்டினால் சாலையில் மாடு படுத்திருக்கும்.