டேங்க் நிறைய டீசல் இருந்தும் அணைந்துபோகும் டிராக்டர்

ஓய்வுக்குப் பிறகு பழைய 35 ஹெச்.பி. டிராக்டர் ஒன்றை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். பெயிண்ட் முடிந்து வயலில் இறக்கினால் புதுத் தொந்தரவு. ஸ்டார்ட் ஆகும், நன்றாக உழும், கொஞ்ச நேரத்தில் இழுவை குறைந்து அணைந்துவிடும். இறங்கிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் அடித்தால் மறுபடி ஓடும்.

டீசல் ஃபில்டர் மாற்றினேன். டீசல் பைப்பில் சிக்கிய ஏரை வெளியே எடுத்தேன். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் டயாபிராம், பைப் முனைகளின் செம்பு வாஷர் எல்லாம் புதுசு. பலனில்லை. மெக்கானிக் அண்ணன் எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் பெரிய பம்பைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அதற்கு ஆகும் செலவை நினைத்துத் தள்ளிப்போட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. டேங்க் நிறைய இருந்தால் சீக்கிரம் அணைகிறது, பாதி இருந்தால் வெகுநேரம் ஓடுகிறது. பைப்பில் அடைப்பு என்றால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? அடுத்த முறை அணைந்ததும் காதைக் கிட்டே வைத்து டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. டீசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்ததால்தான் வண்டி மறுபடி ஓடியிருக்கிறது!

மூடியில் காற்றுப் போக ஊசித்துளை ஒன்று உண்டு. பெயிண்டில் அது அடைபட்டிருந்தது. டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியவில்லை. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு, அதனால் சீக்கிரம்.

தின்னரில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தி, ஊதிப் பார்த்து மாட்டினேன். இப்போது மாலைவரை நிற்காமல் உழுகிறது. மூடியை லூசாக விட்டும் ஓட்டலாம், ஆனால் தூசியும் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கினால் பம்ப் கெட்டுவிடும்.